சின்ன அத்தானின் எடை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கு ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிற்று. அதன் பிறகு சொந்தக்காரர், கடைக்காரர், வாடிக்கையாளர் எல்லோருக்கும் அவன் ரசமட்டம்தான். கொத்தனார் சுவர் எழுப்பும்போது மட்டம் பார்க்க வைப்பாரே, நடுக் கண்ணாடியில் குமிழி ஓடும் கட்டை, அந்த ரசமட்டம். யார் வீட்டுக்குள் கால் வைத்தாலும் அவன் கண் நேராகச் சுவருக்குப் போகும். படம் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினால், வீட்டுக்காரர் வாங்க என்று சொல்வதற்குள் அதை நேராக்கியிருப்பான். பெரியம்மாவின் மருமகன் தவறிப்போய்த் துக்கம் கேட்கப் போன வீட்டில், எல்லோரும் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருக்க, இவன் மட்டும் நாற்காலி மேல் ஏறி இறந்தவரின் படத்தைச் சரி செய்துகொண்டிருந்தான். "உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் நேரா நிக்காத மனுஷன். இப்ப நிக்க வச்சுட்டான் பாரு" என்று சித்தப்பா வாய்விட்டதில் அழுத வீடு சிரித்துவிட்டது.

அப்படிப்பட்டவனுக்குச் சக்கர மட்டம் பார்க்கும் தொழில் அமைந்ததில் வியப்பில்லை. பேருந்து டிப்போவுக்குப் பின்தெருவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. தரை மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தச் சிமெண்டுத் தளத்தை மூன்று முறை உடைத்து மறுபடி போட்டான். கூரை ஒழுகினாலும் கவலைப்பட மாட்டான், தரை சாயக்கூடாது.

அவனுக்கு மேலே ஒரே அக்கா. இடையில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் அக்காவுக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மா போன பிறகு அவன் தலையில் எண்ணெய் தேய்த்ததும் முதுகில் போட்டதும் அக்காதான். வீட்டில் இருந்தபடியே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பாள். அவள் புருஷன், அதாவது அத்தான், வெளியாள் இல்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். டிப்போவில் பேருந்து ஓட்டுநர். அங்கே அவருக்குத் தொட்டில் என்று பெயர். அவர் ஓட்டினால் நின்றுகொண்டு வருகிற ஆள்கூடக் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. உட்கார்ந்தவர்கள் தூங்கிப்போய் இறங்கும் இடத்தைத் தவற விட்டுவிட்டு, எழுந்ததும் அவரையே திட்டுவார்கள்.

அந்தத் தொட்டில்தான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் பேய் மாதிரி வண்டி ஓட்டும். "வாரம் பூரா ஊரையே முதுகுல சுமந்துகிட்டு ஊர்ந்து போறேன். ஒரு நாளாவது என் காலுக்கு விடுதலை வேணாமா?" என்பார்.

ரசமட்டம் முதலில் வேலை பார்த்த கடையில், கைக்குத் தொழில் வரவில்லை என்று சொல்லித் துரத்திவிட்டார்கள். சொந்தத்தில் ஆளாளுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். மாமா ஒருத்தர், காவல் வேலைக்குப் போகட்டும், நிமிர்ந்து நிற்கத்தானே தெரியும் என்றார். அத்தான் மட்டும் ஒன்றும் பேசாமல் தன் வண்டிச் சாவியை அவன் மடியில் போட்டார்.

"இந்தா மாப்ள. பிரிச்சுப் பாரு."

"கெட்டுப்போச்சுன்னா அத்தான்?"

"என்னோடதுதானே கெடும். ஊரான் வீட்டு வண்டியா?"

அதுதான் அவன் தனியாகச் செய்த முதல் வேலை. அந்த வண்டியும் அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. பின் கதவு மேலே திறக்கும் சின்ன வண்டி. ஒரு சலவைக்கடைக்காரர் துணி கொண்டுபோய்க் கொடுக்க வைத்திருந்தது. கைமாறி வந்த பிறகும் உள்ளே இஸ்திரி வாசனை போகவில்லை. இந்த வகை வண்டிக்கு இஞ்சின் மூக்கில் இருக்கிறது. இழுப்பதும் முன் சக்கரம், திரும்புவதும் முன் சக்கரம். கூட்டுக் குடும்பத்தில் ஒரே மருமகள் தலையில் எல்லா வேலையும் விழுந்த மாதிரி முன் சக்கரங்கள் திணறும். பின் சக்கரங்கள் இரண்டும் விருந்துக்கு வந்த கொழுந்தன்மார்போலக் கையைக் கட்டிக்கொண்டு கூடவே வரும். வளைவில் வேகமாகப் போனால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு வெளிப்பக்கமே ஓடும்.

அதை இருவருமாகத் திருத்தினார்கள். பின் இருக்கை, தரை விரிப்பு, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். குட்டையான விறைப்பான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தரையோடு இறக்கினார்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்க்கும் கனத்த இரும்புத் தண்டு ஒன்றை அடியில் பூட்டினார்கள். கொழுந்தன்மாரும் வளைவில் வேலை செய்யட்டும் என்றுதான். முன் சக்கரங்களின் தலையைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து வைத்தான். எதையும் நேராக்கியே பழகியவனுக்கு, வேண்டுமென்றே சாய்த்து வைப்பது முதலில் கை கூசியது. ஆனால் வளைவில் வண்டி சாயும்போது அந்தச் சாய்ந்த சக்கரம்தான் முழுப் பாதத்தையும் தரையில் ஊன்றியது. அன்று தடத்திலிருந்து வந்த அத்தான் வண்டியை விட்டு இறங்காமல் அதன் கூரையைத் தட்டித் தட்டிச் சிரித்ததை அவன் மறக்கவில்லை. அதன் பிறகுதான் தொழில், கொட்டகை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஆளுக்கொரு எடைத்தட்டு வைத்து, எந்தக் காலில் எவ்வளவு பாரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கால் குட்டையான மேசை ஆடுகிற மாதிரி, பாரம் கோணலாக விழுந்தால் இடது வளைவில் ஒரு மாதிரியும் வலது வளைவில் ஒரு மாதிரியும் வண்டி போகும். ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் வளையத்தைத் திருகித் திருகி அதைச் சரி செய்வார்கள். அப்போது ஓட்டுகிற ஆள் தலைக்கவசத்தோடு இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சின்ன வண்டியில் ஒரு மனிதனின் கனம் பெரிய கனம்.

அத்தானுக்கோ ஷிப்ட் வேலை, நினைத்த நேரத்துக்கு வர முடியாது. அதற்கு அக்காதான் வழி கண்டுபிடித்தாள். அத்தானின் பழைய சீருடைச் சட்டையையும் கால்சட்டையையும் சேர்த்துத் தைத்து, கை கால் முனைகளை மூடி, உள்ளே காய்ந்த மணலை நிரப்பினாள். முதலில் அத்தானைத் தட்டில் நிறுத்தி எடை பார்த்து, அதே எடை வரும்வரை மணலைக் கொட்டிக்கொண்டே போனாள். இடுப்பு மேலே ஒன்றும் இடுப்புக்குக் கீழே ஒன்றுமாக இரண்டு மூட்டை; சேர்த்து உட்கார வைத்தால் தலையில்லாத ஆள்.

"உன் சின்ன அத்தான்டா. பெரியவர் வராதப்ப இவரை உட்கார வச்சுக்க. காபி கேட்க மாட்டார். எதிர்த்துப் பேச மாட்டார். எனக்கே இவரைக் கட்டி வச்சிருக்கலாம்."

"அதுக்கென்ன, இப்பவும் காலம் போயிடல" என்றார் அத்தான்.

அன்றிலிருந்து சின்ன அத்தான் கொட்டகையின் ஒரு மூலையில் குடியிருந்தார். ஆண்டுக்கணக்காக ஒரு குறையும் இல்லை.

இந்தப் பருவம் தொடங்கியபோதுதான் வினை வந்தது. வழக்கம்போலச் சின்ன அத்தானை உட்கார வைத்து ரசமட்டம் வண்டியைத் தயார் செய்து கொடுத்தான். முதல் பயிற்சி முடிந்து வந்த அத்தான் முகம் சுளித்தார்.

"என்ன மாப்ள பண்ணி வச்சிருக்க? இடது பக்கம் திரும்பினா பின்னாடி வழுக்குது."

உட்கார்ந்து ஓட்டும் அத்தானின் உடம்பு பொய் சொல்லாது என்பது அவன் நம்பிக்கை. டயரில் ஒரு மூச்சுக் காற்று குறைந்தால்கூட அவர் சொல்லிவிடுவார். ஆகவே பின் தண்டைக் கொஞ்சம் தளர்த்தினான். அடுத்த தடவை, மூக்கு திரும்பவில்லை என்றார். இறுக்கினான். பிரேக் சரியில்லை என்றார். பிரேக் கட்டைகளை மாற்றினான். அதற்கும் அடுத்து, ஸ்டியரிங் கனக்கிறது என்றார். கழற்றிப் பார்த்தான், எல்லாம் சரியாகவே இருந்தது. இப்படி ஒரு குறையைத் துரத்தினால் இன்னொரு மூலையில் இன்னொரு குறை வந்து நின்றது. சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டை நகர்த்தி நகர்த்தி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "வண்டிக்கு என்ன வந்துச்சோ தெரியல, உங்களுக்கு வந்துடும்போல" என்றாள் மனைவி.

கடைசியில், பெரிய அத்தானையே தட்டில் ஏற்றிவிடுவோம் என்று வரச்சொன்னான். அவர் பெரிய தண்ணீர் பாட்டிலோடு வந்தார், உட்கார்ந்தார். எண்கள் வந்து நின்றதும் நிற்காததுமாக எழுந்துவிட்டார்.

"இரு மாப்ள, அவசரம்" என்று கொட்டகைக்குப் பின்னால் ஓடினார். திரும்பி வந்தவர் டியூட்டிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

ஆனால் அதற்குள் ரசமட்டம் எண்ணைப் பார்த்துவிட்டான். சின்ன அத்தானைவிடப் பெரிய அத்தான் பன்னிரண்டு கிலோ குறைவு.

இங்கேதான் அவன் அவனுக்கே உரிய தப்பைச் செய்தான். கூரை ஒழுகியதில் மணல் ஈரமாகி மூட்டை கனத்துவிட்டது என்று நினைத்தான். சீருடையைப் பிரித்து மணலைத் தார்ப்பாயில் கொட்டி வெயிலில் பரப்பினான். பக்கத்து வெல்டிங் கடைக்காரர் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா, மணலை வறுக்கற? வித்துடலாம்னா?"

"ஈரம் போகணும்."

"காஞ்ச மணலைக் காய வைக்கிற ஆளை இன்னிக்குத்தான்யா பார்க்கறேன்."

காய்ந்த பிறகு எடை போட்டான். அதே கனம். சரி, தட்டில்தான் கோளாறு என்று தானே ஏறி நின்றான். மருந்துக்கடை எடை எந்திரம் காட்டிய அதே எடை. மனைவியையும் நிற்கச் சொன்னான். அவள், இதற்கு மட்டும் நான் ஏற மாட்டேன் என்று போய்விட்டாள். மணலை மறுபடி நிரப்பிக் கோணியூசியால் தைத்தான். மணலும் பொய் சொல்லவில்லை, தட்டும் பொய் சொல்லவில்லை. மீதம் இருந்தது ஒன்றுதான். அது மனசுக்குள் வந்ததும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டான்.

ஏதாவது தெரிந்துகொள்ளலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் அவர்கள் மகள் வெளியூரிலிருந்து அனுப்பிய பேரன் படம் சாய்ந்திருந்தது. அவன் அதைத் தொடக்கூட இல்லை. அவன் வாய் திறக்குமுன் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"வாடா, வா. உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அந்த வண்டியில சீட்டைக் கழட்டின, சரி. கம்பளத்தைக் கழட்டின, சரி. இப்ப என் புருஷனையும் கழட்டணுமா?"

"என்னக்கா சொல்ற?"

"நடிக்காத. வண்டி லேசா இருக்கணும், எடையைக் குறைங்கன்னு நீதானே சொல்லியிருக்க? ராத்திரி ஒரு கரண்டி கூடப் போட விட மாட்டேங்கறார். கால்சட்டை இடுப்பை ரெண்டு தடவை பிடிச்சுக் குடுத்துட்டேன். கழுத்தெலும்பு தெரியுது. பார்க்கறவங்க நான் சோறு போடலைன்னு நினைக்க மாட்டாங்களா? சொன்னியா இல்லையா?"

தையல் மெஷின் ஊசி மேலேயே நின்றுவிட்டது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் என்னென்ன உடையும் என்று அவனுக்குத் தெரியவில்லை. சாவியை மடியில் போட்ட கைதான் நினைவுக்கு வந்தது.

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்" என்றான்.

"நல்லாச் சொன்ன. போதும், நிறுத்தச் சொல்லு" என்று அக்கா மெஷினை மிதித்தாள்.

அக்காவிடம் அவன் சொன்ன முதல் பொய் அது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்தபோதுகூட உண்மையைச் சொல்லி அடி வாங்கியவன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாக்கில் துரு ஒட்டிய மாதிரி இருந்தது.

மறுநாள் மதியம் டிப்போவிலிருந்து வந்த அத்தானைக் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுத் தட்டில் நின்ற வண்டிக்குள் உட்கார வைத்தான். பக்கத்தில் தரையில் சின்ன அத்தான். இந்த முறை எண்கள் நிற்கும்வரை வண்டிக் கதவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"பன்னிரண்டு கிலோ எங்க போச்சு அத்தான்?"

"வயசாகுதுடா. கரையத்தான் செய்யும்."

"நான் குறைக்கச் சொன்னேன்னு அக்காகிட்டச் சொல்லியிருக்கீங்க."

அத்தான் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதன் கண்ணாடியைத் துடைத்தார்.

"சர்க்கரை மாப்ள. ஆறு மாசமா. வேற பேட்டையில ஒரு ஆஸ்பத்திரியில பார்த்தேன், தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னு. மாத்திரைக்கெல்லாம் அடங்காதாம். ஊசி போட்டுக்கணும்கறார் அந்த டாக்டர்."

"போட்டுக்க வேண்டியதுதானே?"

"ஊசின்னு டிப்போ டாக்டர் காதுல விழுந்தா பஸ்ஸைக் குடுக்க மாட்டான். எங்கயாவது ஒரு மூலையில உட்கார வச்சு, போற பஸ்ஸையும் வர்ற பஸ்ஸையும் பார்த்துக்கிட்டிருன்னுவான். நான் என்ன, பஸ் ஸ்டாண்டு கடிகாரமா?"

"அக்காவுக்காவது..."

"அவளுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி. இந்த சீசன் முடியட்டும், நானே சொல்றேன், நானே ஊசியும் போட்டுக்கறேன். அதுவரைக்கும் உன் வாயால அவகிட்ட ஒரு வார்த்தை வராதுன்னு சொல்லு." கையை நீட்டினார். "அடி."

நீட்டிய கையில் நரம்பு புடைத்திருந்தது. ரசமட்டம் அந்தக் கையில் தன் கையை வைத்தான். வைத்த மாத்திரத்திலேயே, வைத்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. ரசமட்டம் பெரிய அத்தானின் இப்போதைய எடைக்கே வளையங்களைத் திருகி வைத்திருந்தான். இதற்குமேல் வண்டியில் செய்ய ஒன்றும் இல்லை. தடத்தில் அதே மாதிரிச் சின்ன வண்டி வைத்திருக்கும் பல் டாக்டர் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். அத்தானோடு வருஷக்கணக்காக முட்டிக்கொள்பவர்.

"என்ன தொட்டில் சார், இன்னிக்கும் எங்களைத் தூங்க வைக்கத்தான் வந்தீங்களா?"

"உங்க நாற்காலியில வாயைப் பிளந்து உட்கார்ந்தவங்க தூங்கறாங்களான்னு முதல்ல பாருங்க டாக்டர்."

சிரித்துக்கொண்டே போனார்கள். ரசமட்டம் கடைசி வளைவுக்கு வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வளைவு வருமுன் ஓரத்தில் வரிசையாக எண் எழுதிய பலகைகள் நட்டிருக்கும். எந்தப் பலகையில் பிரேக் மிதிப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. அத்தானுடையது நடுப்பலகை. ஆண்டுக்கணக்காக அந்தப் பலகைக்கு நேரே அவருடைய சிவப்பு விளக்கு எரிவதை அவன் பார்த்திருக்கிறான்.

வண்டி வந்தது. நடுப்பலகை போயிற்று. விளக்கு எரியவில்லை. கடைசிப் பலகையும் போயிற்று. அப்புறம்தான் சிவப்பு தெரிந்தது. நான்கு சக்கரமும் பூட்டி, டயர் புகைந்து, வண்டி வளைவை விட்டுப் புல்லில் இறங்கி, டயர் அடுக்கிய சுவருக்கு ஒரு ஆள் இடைவெளியில் பக்கவாட்டாக நின்றது. புழுதி இன்னும் அடங்கவில்லை. ரசமட்டம் வேலியைத் தாண்டி ஓடினான்.

அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"பிரேக்கு பிடிக்கல மாப்ள."

"பிரேக்கு பிடிச்சுது அத்தான். நீங்க மிதிக்கல."

அத்தான் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"பலகை தெரிஞ்சுதா?"

"வெள்ளையா என்னமோ தெரிஞ்சுது. எது எந்தப் பலகைன்னுதான்..." என்று இழுத்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "வெயில்" என்றார். அன்று வெயிலே இல்லை.

"நாளைக்குக் காலைல பஸ் எடுக்கறீங்களே. ஸ்டாப்பு போர்டு தெரியுமா?"

"அதெல்லாம் பழக்கம்டா. கண்ணை மூடிக்கிட்டே நிறுத்துவேன்" என்றார் அத்தான். பெருமையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார்.

காலை முதல் ஷிப்டில் அந்தப் பேருந்தில் யார் ஏறுவார்கள் என்று ரசமட்டத்துக்குத் தெரியும். அக்கா தைத்த சீருடை போட்ட பிள்ளைகள். அவனுடைய இளைய மகளும் அதில்தான் போகிறாள்.

கொட்டகைக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் அத்தான் களைத்துப்போய் வீட்டுக்கு நடந்தார். ரசமட்டம் கதவைச் சாத்திவிட்டு, சின்ன அத்தானுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். சொல்லமாட்டேன் என்று கையில் அடித்திருக்கிறான். தன்னை ஊரே கைவிட்டபோது நம்பிய ஒரே மனிதருக்குக் கொடுத்த வாக்கு. ஒரு பக்கம் அது. இன்னொரு பக்கம் பேருந்து. வாழ்நாளில் எந்த மேசைக்கும் எந்தச் சக்கரத்துக்கும் மட்டம் பார்க்க அவனுக்கு இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கியபோது எழுந்தான். சின்ன அத்தானின் இரண்டு மூட்டைகளையும் சைக்கிளில் வைத்துக் கட்டி, தள்ளிக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனான்.

அத்தான் உள் அறையில் படுத்திருந்தார். குறட்டை கேட்டது. அக்கா முன்னறையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இவரை எதுக்குடா இழுத்துக்கிட்டு வந்த? கிழிஞ்சிடுச்சா?"

"கிழியலக்கா. பிரிக்கணும். கொஞ்சம் மணல் எடுக்கணும்."

"எவ்வளவு?"

"பன்னிரண்டு கிலோ."

"வழியில சாகறதுக்கா இவ்வளவையும் தூக்கிக்கிட்டு வந்த? அங்கயே எடுத்திருக்கலாமே."

"நீ தைச்சது. நீயே பிரி" என்றான்.

அக்கா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு துணி ஊற வைக்கும் பெரிய பேசினைக் கொண்டுவந்து வைத்து, தையலில் பிளேடை விட்டாள். மணல் சரசரவென்று இறங்கியது. அவள் சமையலறைத் தராசில் கிண்ணம் கிண்ணமாக நிறுத்துப் பேசினில் கொட்டினாள். முதல் சில கிண்ணங்கள் வரை பேசிக்கொண்டே இருந்தாள். மகள் போன் பண்ணியது, எதிர்வீட்டுக்காரி துணிக்குக் குறை சொன்னது. பேசினில் மணல் ஏற ஏறப் பேச்சு நின்றது. சீருடையின் தொடைகள் தளர்ந்தன. தோள் சரிந்தது. வயிறு ஒட்டி உள்ளே போனது.

"இன்னுமா?"

"இன்னும் கொஞ்சம்."

எடுத்து முடித்ததும் அக்கா பேசினைத் தூக்கப் பார்த்தாள். ஒரு தடவையில் வரவில்லை. இரண்டாவது தடவை தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வயசுப் பிள்ளை கனம் இருக்குடா."

ரசமட்டம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டிக்காகத்தானே? நீதானே குறைக்கச் சொன்ன?"

அவன் பிரித்த தையலின் நூலை விரலில் சுற்றினான்.

"டேய். என்னைப் பாரு. நீ சொன்னியா?"

அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவ்வளவுதான் அவன் செய்தது. அக்கா பேசினை இறக்காமலேயே நின்றாள். ராத்திரியில் அத்தான் எத்தனை தடவை எழுந்து போகிறார், குடத்துத் தண்ணீர் ஏன் விடிவதற்குள் காலியாகிறது, இரண்டு தடவை பிடித்த இடுப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் முகத்தில் வந்து போனதை அவன் பார்த்தான்.

உள் அறைக் கதவு திறந்தது. தண்ணீர் குடிக்க எழுந்த அத்தான், இடுப்பில் பேசினோடு நிற்கும் மனைவியையும், தரையில் வற்றிக் கிடக்கும் தன் பழைய சீருடையையும் பார்த்தார். பிறகு மைத்துனனைப் பார்த்தார்.

"கையில அடிச்சியே மாப்ள."

"நான் ஒரு வார்த்தையும் சொல்லல அத்தான்."

"ஆமாமா. வார்த்தையை மூட்டை கட்டி எடுத்துக்கிட்டு வந்துட்ட."

"அவன்கிட்ட என்ன பேச்சு?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "என்ன உடம்புக்குன்னு என்கிட்டச் சொல்லுங்க."

அத்தான் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். அரைகுறையாகத்தான் சொன்னார். நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். கண்ணைப் பற்றி அவர் சொல்லவில்லை. அப்போதுதான் ரசமட்டம் வாயைத் திறந்தான்.

"பலகை தெரியலன்னீங்களே அத்தான், அதையும் சொல்லிடுங்க."

அத்தான் அதையும் சொன்னதும் அக்கா பேசினைத் தரையில் இறக்கி வைத்தாள். கொடியில் மறுநாளைக்கு இஸ்திரி போட்டுத் தொங்கிய சீருடையை எடுத்தாள். மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீங்க பஸ் எடுங்க. நான் தடுக்கல. முதல் சீட்டுல நானும் ஏறி உட்கார்ந்துக்கறேன். ஷிப்டு முடியற வரைக்கும் இறங்க மாட்டேன். இத்தனை வருஷம் தொட்டில் தொட்டில்னு ஊரே சொல்லுது. நானும் ஒரு நாள் ஆடிப் பார்க்கறேன்."

அத்தான் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. சீருடைக்காகக் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நீட்டிய கை அப்படியே நின்று, மெல்ல இறங்கியது. அவர் தரையில் உட்கார்ந்தார். தன்னுடைய மணலுக்குப் பக்கத்தில்.

"நீ ஏறாத" என்றார் அக்காவிடம். அது மட்டும்தான் சொன்னார்.

காலையில் அக்கா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஊசி தொடங்கியது. டிப்போவில் அவர் பயந்த மாதிரியேதான் நடந்தது. பயணிகள் பேருந்தில் விட்டுப்போகும் பொருள்களைச் சேர்த்து வைக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை செயற்கைப் பல்கூட வந்தது. அதைப் பல் டாக்டரிடம் சொல்லிச் சிரித்தார் என்று கேள்வி. ரசமட்டத்திடம் சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. சொந்தத்தில் எந்த நல்லது கெட்டதில் பார்த்தாலும் இவன் வந்தால் அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடுவார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், "உன் தம்பிகிட்டச் சொல்லு" என்று அக்காவிடம் சொல்வார், இவன் நான்கு அடி தூரத்தில் நிற்கும்போதே.

சித்தப்பாவும் மற்றவர்களும் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார்கள். "நல்லதுதானேப்பா செஞ்சான்" என்றார்கள். அதற்கு அத்தான், "செய்யட்டும். யாரு வேணாம்னா?" என்றாராம். ரசமட்டத்திடம் யாராவது, நீ செய்தது சரிதான் என்று சொன்னால் அவன் பேச்சை மாற்றிவிடுவான். அவனுக்கு அதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லை என்பதற்காக மனசின் கனம் குறையவும் இல்லை.

பல் டாக்டர் வண்டியை விலைக்குக் கேட்டார். அத்தான் விற்கச் சொல்லவில்லை, வைக்கச் சொல்லவும் இல்லை. அதனால் அது கொட்டகையில் எடைத்தட்டுகள் மேலேயே நின்றது. ரசமட்டம் அன்றாடம் அதன் தூசியைத் தட்டினான். இருக்கையில் இளைத்துப்போன சின்ன அத்தான் உட்கார்ந்திருந்தார்.

மழைக்காலம் முடிந்த சமயம் ஒரு மத்தியானம் அக்கா வந்தாள். கையில் தைத்த துணிப்பை ஒன்று.

"ரெண்டு கிலோ ஏறியிருக்கார். ஆஸ்பத்திரியில பார்த்துச் சொன்னாங்க. அன்னிக்கு எடுத்த மணல்தான், மெஷினுக்கு அடியிலயே வச்சிருக்கேன். இதை உள்ள போட்டுத் தை."

"அத்தான் குடுத்து விட்டாரா?"

"அவரா? உன் பேரை எடுத்தாலே எழுந்து போயிடறார். நானாத்தான் கொண்டாந்தேன்."

அவன் கோணியூசியைத் தேடி எடுத்து, தையலை நான்கு விரல் அளவு பிரித்தான். அக்கா பையைச் சாய்த்துப் பிடிக்க, மணல் உள்ளே இறங்கியது. அவள் போன பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, ஓட்டுநர் பக்க ஸ்பிரிங்கின் வளையத்தை இந்த இரண்டு கிலோவுக்காக ஒரு பல் அளவு திருகினான். எழுந்து வந்து தட்டுகளைப் பார்த்தான். எண்கள் கொஞ்சம் ஆடி, நின்றன. சரியாக இருந்தது. அத்தானின் வண்டிச் சாவி சுவரில் அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.